வார இறுதி இரவில் குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் எத்தனை பேர்? பினாங்கில் அதை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பக்கத்துப் பட்டர்வொர்த்திலும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலும் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போனால், முடிவில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்மையில் எத்தனை பேர்? நான் புள்ளியியல் கற்பிப்பவன். போலீஸ்காரனும் இல்லை, மதுவிலக்குப் பிரசாரகனும் இல்லை. எப்படி எண்ணுவது என்பதுதான் என் கவலை. கேட்கப்பட்டவற்றை வரிசை முறை பார்க்காமல் கீழே தருகிறேன்.

சோதனைக்கு மறுநாள் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று நாளிதழில் வருகிறதே. அதை வைத்தே சொல்லிவிடலாமே?

முடியாது. அன்றிரவு போலீசார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45பி பிரிவைப் பாருங்கள். ஓட்டுநரின் உடலில் மது இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலோ, அவர் போக்குவரத்துக் குற்றம் செய்திருந்தாலோ, விபத்தில் சிக்கியிருந்தாலோ போலீஸ் அதிகாரி மூச்சுச் சோதனை கேட்கலாம். அதாவது ஊதச் சொல்லப்படுகிறவர் ஏற்கெனவே சந்தேகத்தால் பொறுக்கி எடுக்கப்பட்டவர். தள்ளாடி வந்த கார், விளக்குப் போடாமல் வந்த கார், கண்ணாடியை இறக்கியதும் வாடை வீசிய கார். இப்படிப் பொறுக்கிய நூறு பேரில் பத்துப் பேர் வரம்பைத் தாண்டியிருந்தால், சாலையில் போகும் எல்லாரிலும் பத்தில் ஒருவர் குடித்திருக்கிறார் என்று பொருளாகாது.

மறுபக்கமும் உண்டு. தடுப்பைத் தூரத்திலேயே கண்டு சந்துக்குள் திரும்பியவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரு பிழை எண்ணை மேலே தள்ளுகிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகி உண்மை கிடைத்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் கிடையாது.

குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கப் போலீசார் நடத்தும் ஓப்ஸ் மாபோக் நடவடிக்கையை அடுத்த ஆண்டு இரண்டு மடங்காக்கினால் கைதும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ‘குடிபோதை ஓட்டுநர்கள் இருமடங்கு’ என்று தலைப்பும் வந்துவிடும். இரண்டு மடங்கானது சாலைத் தடுப்புதான்.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்?

குறிப்பிட்ட இரவுகளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட சாலைகளில் ஓடும் வாகனங்களைச் சந்தேகம் பார்க்காமல் நிறுத்தி, ஓட்டுநரின் மூச்சில் எவ்வளவு மது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாலையோரக் கணக்கெடுப்பு என்பது இதுதான். பார்க்க யோக்கியமாக இருப்பவரையும், முதியவரையும், குழந்தையை ஏற்றிக்கொண்டு வருபவரையும் அதே விதிப்படி நிறுத்த வேண்டும். யாரை நிறுத்துவது என்ற முடிவை மனிதனின் கண்ணிடம் விட்டுவிட்டால், அது போலீஸ் சோதனையாக மாறிவிடும்.

எந்த அளவுக்கு மேல் இருந்தால் ‘குடித்தவர்’ என்று எண்ணுவீர்கள்?

மலேசியாவில் 2020 அக்டோபர் 23 முதல் சட்ட வரம்பு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது, அல்லது 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம், அல்லது 100 மில்லிலிட்டர் சிறுநீரில் 67 மில்லிகிராம். அதற்கு முன் இவை முறையே 80, 35, 107 ஆக இருந்தன.

கணக்கெடுப்பில் ‘தேறினார், தேறவில்லை’ என்று குறித்துக்கொள்வதில் பயனில்லை. கருவி காட்டிய எண்ணையே எழுத வேண்டும். எண் கையில் இருந்தால், கொஞ்சமாவது குடித்தவர் எத்தனை பேர், இன்றைய வரம்பைத் தாண்டியவர் எத்தனை பேர், பழைய வரம்பையும் தாண்டியவர் எத்தனை பேர் என்று பின்னால் எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். நாளைக்குச் சட்டம் மாறினாலும் பழைய தரவு வீணாகாது.

ஏன் வெள்ளி, சனி இரவு மட்டும்?

மற்ற நாட்களில் யாரும் குடிப்பதில்லை என்பதற்காக அல்ல. அரிதான ஒன்றை அளக்கும்போது, அது அதிகம் தென்படும் நேரத்தில் தேடினால்தான் குறைந்த செலவில் ஓரளவு உறுதியான எண் கிடைக்கும். அமெரிக்காவின் தேசியச் சாலையோரக் கணக்கெடுப்பு இரவு 10 முதல் 12 வரையும், பின் 1 முதல் 3 வரையும் என இரண்டு நேரத்துண்டுகளை வைத்துக்கொண்டது. நமக்கும் அது பொருந்தும். முதல் துண்டில் இரவு உணவு முடித்துத் திரும்பும் குடும்பங்கள் அதிகம். இரண்டாவதில் வாகனம் குறைவு, ஆனால் மது அதிகம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இப்படிக் கிடைக்கும் எண் வார இறுதி இரவுகளுக்கு மட்டுமே உரியது. அதை எடுத்து ‘பினாங்கு ஓட்டுநர்களில் இத்தனை சதவீதம் குடிகாரர்கள்’ என்று எழுதுபவர் பொய் சொல்கிறார்.

அதிகாலை 3 மணிக்கு முடித்துவிட்டால் காலையில் ஓட்டுபவர்கள்?

தப்பிவிடுவார்கள். உடல் மதுவைக் கரைக்கும் வேகம், 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 3 மணிக்கு இரத்தத்தில் 130 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 7 மணிக்குச் சுமார் 70 இருக்கும். குளித்து, விபூதி பூசி, காப்பி குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காரை எடுப்பவர் அப்போதும் சட்ட வரம்புக்கு மேலேதான் இருக்கிறார். காப்பி தூக்கத்தைக் கலைக்கும், மதுவைக் கரைக்காது. பணம் இருந்தால் ஞாயிறு காலைக்கென்று ஒரு தனித் துண்டையும் சேர்ப்பேன்.

பினாங்கில் எங்கே நிற்பீர்கள்? கர்னி டிரைவ், சூலியா ஸ்திரீட் பக்கம் நின்றால் நிறையப் பேர் மாட்டுவார்களே?

மாட்டுவார்கள். அதனால்தான் அங்கே மட்டும் நிற்கக் கூடாது. மதுக்கடை வாசலில் எடுத்த கணக்கு மதுக்கடை வாசலின் கணக்கு, தீவின் கணக்கல்ல.

முறை இப்படி: முதலில் தீவின் சாலைகளை வகைபிரிக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் பழைய நகரத் தெருக்கள், தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபிரிங்கி கடற்கரைச் சாலை, துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை, ஆயர் ஈத்தாம், பாயான் பாரு குடியிருப்புச் சாலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வகையிலிருந்தும் சாலைத் துண்டுகளைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் பத்துக் கார்களை ஒதுக்கி நிறுத்த இடம் இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்று பகலில் போய்ப் பார்க்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் அடுத்த குலுக்கல். ‘இங்கே நின்றால் நன்றாகக் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் அவரை அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அடுத்து எடை கொடுப்பது. கற்பனையாக ஒரு கணக்கு. மதுக்கடைகள் உள்ள தெருவில் 100 பேரைச் சோதித்து 6 பேர் வரம்புக்கு மேல். நெடுஞ்சாலையில் 100 பேரைச் சோதித்து ஒருவர். இரண்டையும் கூட்டினால் 200க்கு 7, அதாவது 3.5 சதவீதம். ஆனால் அந்த நேரத்தில் தெருவில் ஓடியவை 300 வாகனங்கள், நெடுஞ்சாலையில் ஓடியவை 2,700 என்றால்? தெருவில் 18 பேர், நெடுஞ்சாலையில் 27 பேர், ஆக 3,000க்கு 45. சரியான விடை 1.5 சதவீதம்தான். ஆகவே ஊதச் சொல்பவர்களோடு, கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு கடந்துபோகும் வாகனங்களை எல்லாம் எண்ண ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். சலிப்பான வேலை. அவர் இல்லாவிட்டால் மற்றவர்களின் உழைப்பும் பாழ்.

பாலத்தின் டோல் சாவடியில் எடுத்தால் எளிதல்லவா? எப்படியும் வண்டி மெதுவாகத்தானே போகும்.

நல்ல யோசனைதான், ஆனால் திசை மாறிவிட்டது. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்திலும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்திலும் தீவை நோக்கி வரும்போதுதான் கட்டணம். நமக்கு வேண்டியவர் தீவில் குடித்துவிட்டுப் பட்டர்வொர்த்துக்கோ புக்கிட் மெர்த்தாஜாமுக்கோ திரும்புபவர். அவர் போகும் பக்கத்தில் கட்டணம் கட்ட நிற்கும் இடமே கிடையாது. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 முதல் கட்டணமும் கிடையாது. பாலத்தின் மேல் வாகனங்களை நிறுத்துவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. பாலத்தில் ஏறும் முன்பே செய்ய வேண்டும்.

கார்களை மட்டும் நிறுத்தினால் போதாதா? மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்கே நிற்கப் போகிறார்கள்?

மலேசியாவில் 2019இல் சாலையில் இறந்தவர்கள் 6,167 பேர். இந்த நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்களில் போகிறவர்களுடையவை. அவர்களை விட்டுவிட்டுக் குடித்து ஓட்டுவதைப் பற்றி எண் தருவது, சோற்றை விட்டுவிட்டு ஊறுகாயை நிறுப்பது போல.

கடினம் என்பது உண்மை. கார் நிற்கும் இடத்தில் பைக் நிற்காது. இரண்டு கூம்புகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். வெளிநாட்டு முறையை அப்படியே நகலெடுத்தால் இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான். மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடமும், தனிக் குழுவும், தனி எண்ணிக்கையும் வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஊதும்படி நீளமான ஊதுகுழல் இருந்தால் நேரம் மிச்சம்.

எந்த வண்டியை நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்வது?

யாரும் முடிவு செய்யக் கூடாது. சோதிக்கும் இடம் காலியானதும் அடுத்து வருவது எதுவோ அது. பழைய புரோட்டோன் சாகாவும் நிற்கும், டத்தோ பட்டக்காரரின் மெர்சிடிஸும் நிற்கும்.

ஊத மாட்டேன் என்றால்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. கணக்கெடுப்பு என்பது விருப்பப்படி கலந்துகொள்வது. மறுக்கலாம். ஆனால் மறுப்பவர் யார் என்பதில்தான் சிக்கல்.

மறுபடியும் கற்பனைக் கணக்கு. 1,000 பேரைக் கேட்கிறோம். 850 பேர் ஊதுகிறார்கள். அவர்களில் 17 பேர் வரம்புக்கு மேல், அதாவது 2 சதவீதம். மீதி 150 பேரும் மற்றவர்களைப் போன்றவர்களே என்றால் மொத்தமும் 2 சதவீதம்தான். ஆனால் மறுத்தவர்களில் பத்தில் ஒருவர் குடித்திருந்தால் அது 15 பேர். மொத்தம் 32, அதாவது 3.2 சதவீதம். ஐந்தில் ஒருவர் என்றால் 30 பேர். மொத்தம் 47, அதாவது 4.7 சதவீதம். அதே இரவு, அதே சாலை, மறுத்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினோம். விடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இதற்குச் சில வழிகள் உண்டு. மறுத்தவரின் வாகன வகை, நேரம், இடம் ஆகியவற்றையாவது குறித்துக்கொள்ளலாம். முகத்துக்கு அருகே உள்ள காற்றை இழுத்து மதுவை முகரும் கருவி இருக்கிறது; அமெரிக்கக் கணக்கெடுப்பில் அதை வைத்து மறுத்தவர்களின் நிலையை ஊகித்தார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வேண்டாம் என்று சொன்னவரின் மூச்சை அவருக்குத் தெரியாமல் அளப்பது மரியாதையாகப் படவில்லை. மாற்றாக, எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட வேண்டும். அந்த எண் இல்லாத அறிக்கையை நான் இரண்டாவது பக்கம் புரட்டுவதில்லை.

இங்கே இன்னொரு கோணமும் உண்டு. குடித்த முஸ்லிம் ஓட்டுநருக்குச் சாலைச் சட்டம் மட்டுமல்லாமல் ஷரியா சட்டமும் இருக்கிறது. குடிக்காதவர்கூடப் ‘பக்கத்துக் காரில் இருப்பவர் பார்த்தால் என்ன நினைப்பார்’ என்று மறுக்கலாம். ஆகவே அடையாள அட்டை கேட்கக் கூடாது, வாகன எண்ணைக் குறிக்கக் கூடாது, மதத்தைக் கேட்கவே கூடாது. கருவியின் திரை மற்றவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

குடித்திருப்பது தெரிந்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பீர்களா?

கொடுத்தால் அடுத்த அரை மணி நேரத்தில் செய்தி வாட்ஸ்அப்பில் தீவு முழுக்கப் பரவி, எல்லாரும் மறுப்பார்கள். கணக்கெடுப்பு அத்தோடு முடிந்தது.

விட்டுவிடவும் முடியாது. வரம்புக்கு மேல் இருப்பவர் தானே ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாவம். அமெரிக்காவில் செய்தது: யாரையும் கைது செய்யவில்லை, கூட வந்தவர் குடிக்காதவராக இருந்தால் அவரிடம் சாவியைக் கொடுத்தார்கள், அல்லது வாடகை வண்டியில் அனுப்பினார்கள். நமக்கும் கிராப் வண்டிக்கான பணத்தைக் கணக்கெடுப்பின் செலவிலேயே சேர்க்க வேண்டும். காரை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

போக்குவரத்தை ஒதுக்கிவிட போலீசாரின் உதவி கட்டாயம் தேவை. ஆனால் ஊதச் சொல்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. 2013இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில், சீருடைப் போலீசார் கைகாட்டி ஒதுக்கியதால் இது கட்டாயம் என்று ஓட்டுநர்கள் நினைத்துக் கொதித்தார்கள். நகரக் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. கணக்கெடுப்பின் முறையில் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும், அதன் தோற்றம் கெட்டுவிட்டால் இப்படித்தான்.

எத்தனை பேரைச் சோதித்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 600 பேரில் 12 பேர் வரம்புக்கு மேல் என்றால் 2 சதவீதம். ஆனால் உண்மை விகிதம் சுமார் 1.1 முதல் 3.5 வரை எங்கேயும் இருக்கலாம். அதிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்த 600 என்றால் இந்த இடைவெளி இன்னும் விரியும். ஒரே திருமண விருந்திலிருந்து வந்தவர்கள் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஆகவே ஆறு இடங்களில் நூறு பேர் என்பதைவிட அறுபது இடங்களில் பத்துப் பேர் மேல். செலவும் அலைச்சலும் கூடும் என்பதால் யாருக்கும் இது பிடிப்பதில்லை.

மூச்சுக் கருவியை நம்பலாமா? வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் மருந்து எல்லாம் காட்டிக்கொடுக்கும் என்கிறார்களே.

வாயில் இருக்கும் மது சில நிமிடங்களுக்குக் காட்டும்; 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதினால் போய்விடும். வெற்றிலை, ஏலக்காய், சூயிங்கம் எதுவும் நுரையீரலிலிருந்து வரும் மதுவை மறைக்காது. கருவியைக் குறித்த காலத்தில் அளவு சரிபார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலோ தொலைபேசியிலோ ‘கடந்த மாதம் குடித்துவிட்டு ஓட்டினீர்களா?’ என்று கேட்டால் போதாதா? இவ்வளவு அலைச்சல் எதற்கு?

கேட்கலாம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் பதிலையும் எழுதிக்கொள்ளலாம். பொய்யை விட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இரண்டு பியர் குடித்தவர் ‘நான் நிதானமாகத்தான் இருந்தேன்’ என்று மனதார நம்புகிறார். மூச்சுக் கருவி 30 மைக்ரோகிராம் காட்டுகிறது; வரம்பு 22.

விபத்தில் இறந்தவர்களின் இரத்தப் பரிசோதனையிலிருந்து தெரியாதா?

அது வேறு கேள்விக்கான விடை. குடித்தவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சாலையில் 2 சதவீதம் பேர்தான் குடித்திருந்தாலும், விபத்தில் சிக்கியவர்களில் அவர்கள் 9 சதவீதத்துக்கு மேல் இருப்பார்கள். விபத்துக் கணக்கிலிருந்து சாலையைக் கணிக்க வேண்டுமானால் அந்த ‘எத்தனை மடங்கு’ தெரிந்திருக்க வேண்டும். அது தெரியச் சாலையோரக் கணக்கெடுப்பு வேண்டும். மூச்சுக் கருவியை 1954இல் உருவாக்கிய ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1960களில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் இதைத்தான் செய்தார்: விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களை ஒரு பக்கமும், சிக்காமல் அதே சாலைகளில் போனவர்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டார். உலகெங்கும் வந்த சட்ட வரம்புகளுக்குப் பின்னால் அந்த ஒப்பீடு இருக்கிறது.

ஒளிவுமறைவின்றிக் கேட்கிறேன். நம் தமிழர்கள்தானே அதிகம் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்? செய்தியில் நம் பெயர்தானே அதிகம் வருகிறது?

கைதானவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. தடுப்பு எங்கே வைக்கப்பட்டது? மலிவான கடைகள் உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில் வைத்தால் ஒரு வகைப் பெயர்கள் வரும்; பெரிய ஹோட்டல்களின் வாசலில் வைத்தால் வேறு வகை வரும். எதனோடு வகுக்கிறோம்? இந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மதம் மதுவைத் தடைசெய்த முஸ்லிம்கள். குடிப்பவர்கள் பெரும்பாலும் மீதிப் பேரிலிருந்துதான் வர வேண்டும். மொத்த மக்கள்தொகையோடு வகுத்தால் ஒரு விடை, குடிப்பவர்களோடு வகுத்தால் ஒரு விடை, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஓட்டியவர்களோடு வகுத்தால் இன்னொரு விடை. செய்தியில் இந்த மூன்றில் எதுவும் இருப்பதில்லை. நம் பெயர் வந்தால் நம் கண்ணில் குத்துகிறது என்பதும் உண்டு.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் சிலர் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். தோட்டப்புறக் கள்ளுக்கடைக் காலத்திலிருந்து மலிவுச் சாராயமான சம்சு வரை, மது நம் குடும்பங்களைச் சிதைத்த கதை உண்மையானது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது சும்மா அல்ல. ஆனால் வீட்டைச் சிதைக்கும் குடியும் சாலையில் ஓடும் குடியும் வெவ்வேறு அளவுகள். ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் எடுக்கலாமா?

தனியாக எடுக்கலாம். சாதாரண வார இறுதியோடு கலக்கக் கூடாது.

ஒருமுறை எடுத்துவிட்டால் போதாதா?

ஒரே ஒரு எண்ணை வைத்து என்ன செய்வது? அமெரிக்காவில் 1973இல் வார இறுதி இரவு ஓட்டுநர்களில் 7.5 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தது. 1986இல் 5.4, 1996இல் 4.3, 2007இல் 2.2, 2013-14இல் 1.5. ஏறக்குறைய ஒரே முறையில், நாற்பது ஆண்டு இடைவெளியில் ஐந்து முறை எடுத்ததால்தான் இறக்கம் தெரிகிறது. முதல் ஆண்டு 7.5ஐ மட்டும் பார்த்தவர் அது அதிகமா குறைவா என்றே சொல்லியிருக்க முடியாது.

நமக்கு 2020இல் சட்டம் கடுமையானது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. இது வேலை செய்ததா என்று சொல்லக் கைது எண்ணிக்கை உதவாது. கைது குறைந்தால் ‘மக்கள் பயந்துவிட்டார்கள்’ என்பார்கள். கூடினால் ‘போலீசார் சுறுசுறுப்பாகிவிட்டார்கள்’ என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் பாராட்டத் தோதாக இருக்கும் எண் எதையும் அளப்பதில்லை.

எத்தனை பியர் வரை குடித்துவிட்டு ஓட்டலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில்லை.

சாலையில் நிறுத்தினால், அது கணக்கெடுப்பா போலீஸ் சோதனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மறுக்கலாமா?

கேளுங்கள். ஒழுங்கான கணக்கெடுப்பாக இருந்தால், இது விருப்பப்படி, பெயர் வேண்டாம் என்று அவர்களே முதல் வாக்கியத்தில் சொல்வார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி வழிவிடுவார்கள். சட்டப்படி கேட்கும் போலீஸ் அதிகாரியிடம் தகுந்த காரணமின்றி ஊத மறுப்பது தனிக் குற்றம். அங்கே ஊதுங்கள். சாலையோரக் கருவி முதல் சோதனைக்கு மட்டுமே. அதில் கூடுதலாகக் காட்டினால் நிலையத்துக்கு அழைத்துப் போய் வேறு கருவியில் மறுபடி எடுப்பார்கள். அதன் எண்தான் வழக்குக்குச் செல்லும்.